26 சதவீதமா, 12 சதவீதமா? காவிரிப் படுகைத் தீம் பார்க் ஒன்றின் வருகைச் சரிவு: நிகழ்வு ஆய்வு

பின்னணி

காவிரிப் படுகையில் நெடுஞ்சாலை ஓரமாக இயங்கும் நடுத்தரத் தீம் பார்க் ஒன்றில் 2024 டிசம்பர் முதல் 2025 டிசம்பர் வரை நடந்தது இங்கே பதிவாகிறது. நான்கு வழி நீர்ச்சறுக்குக் கோபுரம், வேவ் பூல் (செயற்கை அலைக் குளம்), சிறுவர் குளம், சில உலர் ரைடுகள், ஓர் உணவகம் உள்ள பூங்கா அது. நடத்துவது ஒரு குடும்பம். அண்ணன் பணத்தையும் கடனையும் பார்க்கிறார், தம்பி அன்றாட வேலையைப் பார்க்கிறார். ஆய்வுக் குழுவாகிய நாங்கள் ஊரும் பெயரும் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டோம். 2022இல் நிர்வாகத்தின் பதிவேட்டில் இருந்த மொத்த வருகையை 100 என்று வைத்து, மற்ற ஆண்டு எண்களை அதற்கேற்ப மாற்றித் தந்திருக்கிறோம்.

இந்தப் பூங்காவின் கூட்டம் வானிலையையும் பள்ளி விடுமுறையையும் மட்டும் பொறுத்ததல்ல, நெல்லையும் பொறுத்தது. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்து கடைமடை வரை தண்ணீர் வந்தால், குறுவைப் பணம் செப்டம்பர், அக்டோபரில் கைக்கு வரும். சம்பாப் பணம் தை, மாசியில் வரும். அதுவும் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடை போட்டு, வங்கிக் கணக்கில் ஏறிய பிறகுதான். சித்திரை, வைகாசியில் பிள்ளைகளுக்கு விடுமுறை, வயலிலும் வேலை குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. ஆகவே ஆண்டு வருகையில் பாதிக்கு மேல் ஏப்ரல், மே மாதங்களிலும் பொங்கலை ஒட்டிய பத்து நாட்களிலும் வந்துவிடுகிறது. இந்த ஓட்டம் புரியாமல் வேறு ஊர்ப் பூங்காவின் கணக்கை இங்கே பொருத்தினால் தவறாகத்தான் முடியும்.

நிர்வாகம் கண்ட சரிவு

பதிவேட்டின்படி 2022இல் 100, 2023இல் 96, 2024இல் 74. இரண்டே ஆண்டில் 26 சதவீதம் போய்விட்டது.

2024க்குக் காரணம் சொல்வது எளிதாக இருந்தது. ஏப்ரல் 19இல் மக்களவைத் தேர்தல். மே நடுவில் கோடை மழை. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கவில்லை, ஜூலை 28இல்தான் திறந்தது. பம்புசெட் உள்ளவர்கள் மட்டும் குறுவை போட்டார்கள். நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலை ஒட்டிய கனமழை. இவ்வளவு காரணங்கள் கையருகே இருந்ததால்தான் 74 என்ற எண்ணை யாரும் சந்தேகிக்கவில்லை.

அண்ணன் இரண்டு யோசனைகளை வைத்தார். டிக்கெட் விலையை 30 சதவீதம் குறைப்பது ஒன்று, வங்கிக் கடன் வாங்கி ஒரு புதிய பெரிய சறுக்கு போடுவது இன்னொன்று. சென்னைக்கு அருகே திருப்போரூர் பக்கம் பெரிய நிறுவனம் ஒன்று பூங்கா கட்டிக்கொண்டிருந்ததும் அவசரத்தைக் கூட்டியது. உலகம் முழுக்கவே பெரிய தீம் பார்க்குகளில் கூட்டம் குறைகிறது என்ற செய்தியை அடிக்கடி மேற்கோள் காட்டினார்கள். விலை குறைக்கும் முன் எண்ணைச் சரிபார்க்கவேண்டும் என்பதில் தம்பி உறுதியாக இருந்தார். ஆய்வு அங்கிருந்துதான் தொடங்கியது.

பெரிய பூங்காக்களின் எண்கள்

அந்தச் செய்தியை முதலில் சோதித்தோம். பூங்கா வாரியான வருகையை டிஸ்னி வெளியிடுவதில்லை. புழக்கத்தில் உள்ள எண்களில் பெரும்பாலானவை தீம் பார்க் துறையின் பன்னாட்டுச் சங்கமான தீம்டு என்டர்டெயின்மென்ட் அசோசியேஷன் ஆண்டுதோறும் வெளியிடும் மதிப்பீடுகள். அதன்படி ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னியின் மேஜிக் கிங்டமுக்கு 2019இல் சுமார் 2.1 கோடிப் பேர் வந்தார்கள், 2023இல் சுமார் 1.77 கோடி. அதே காலத்தில் ஒசாகாவின் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் ஜப்பான் 1.45 கோடியிலிருந்து 1.6 கோடிக்கு உயர்ந்தது. ஷாங்காய் டிஸ்னிலேண்ட் 1.12 கோடியிலிருந்து 1.4 கோடிக்குப் போனது. எல்லா இடத்திலும் ஒரே போக்கு இல்லை.

நமக்கு அதிகம் சொல்வது டோக்கியோதான். அங்குள்ள இரண்டு டிஸ்னி பூங்காக்களையும் நடத்தும் ஓரியன்டல் லேண்ட் நிறுவனம் தன் எண்களைத் தானே வெளியிடுகிறது. 2018-19இல் 3.26 கோடிப் பேர், 2023-24இல் 2.75 கோடிப் பேர். ஆனால் ஒருவர் செலவழித்த சராசரி 11,815 யென்னிலிருந்து 16,644 யென்னுக்கு ஏறியது. ஒரு நாளைக்கு உள்ளே விடும் உச்ச அளவை நிறுவனமே குறைத்தது; நெரிசல் குறைந்தால் அனுபவம் மேம்படும் என்பது அவர்கள் கணக்கு. அங்கே வருகை குறைந்ததில் நிறுவனத்தின் சொந்த முடிவுக்கும் பங்கு உண்டு. மக்கள் வராமல் போனதால் குறைவதும், நிர்வாகமே கூட்டத்தை அளந்து விடுவதால் குறைவதும் மொத்த எண்ணிக்கையில் ஒன்றுபோலத் தெரியும். அந்தச் செய்தியை வைத்துப் படுகைப் பூங்காவின் விலையை முடிவு செய்ய எந்த அடிப்படையும் இல்லை.

தலை எண்ணிய முறை

2023 டிசம்பர் வரை வாசலில் நின்ற ஊழியர் கையில் அமுக்கும் கிளிக்கரால் எண்ணினார். மணிக்கு ஒருமுறை அந்த எண்ணைத் தாளில் எழுதுவார்கள். 2024 ஜனவரி 1 முதல் கியூஆர் டிக்கெட்டும் ஸ்கேனரும் வந்தன. பெரிய சரிவு தெரிந்ததும் அதே மாதத்திலிருந்துதான். எண்ணும் கருவி மாறிய மாதமும் எண் விழுந்த மாதமும் ஒன்றாக இருந்தால் முதலில் கருவியைத்தான் பார்க்கவேண்டும்.

பழைய மணித்தாள்களில் ஒரு விசித்திரம் இருந்தது. காலை 10 முதல் 12 வரை ஓர் ஏற்றம், அது இயல்பு. பகல் 1.30 முதல் 3 வரை இரண்டாவது ஏற்றம். அந்த நேரத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் விற்பனை சொற்பம். டிக்கெட் வாங்காமல் உள்ளே வந்தவர்கள் யார்? பூங்காவுக்குள் வெளிச்சாப்பாடு அனுமதி இல்லை. படுகைக் குடும்பங்கள் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டுதான் கிளம்புவார்கள். பகலில் வெளியே வந்து, வேனுக்குப் பக்கத்தில் மரத்தடியில் சாப்பிட்டுவிட்டு, கையில் குத்திய முத்திரையைக் காட்டி மறுபடி உள்ளே போவார்கள். கிளிக்கர் அவர்களை இரண்டாம் முறையும் எண்ணியது. அந்த 100 என்ற அளவில் இப்படிச் சேர்ந்தது 2022இல் 9 புள்ளி, 2023இல் 8 புள்ளி.

புதிய கருவி எதிர்ப்பக்கம் தவறியது. பள்ளிக் குழுவுக்கு ஒரே மொத்த டிக்கெட், அதில் ஒரே கியூஆர். அதை ஒருமுறை ஸ்கேன் செய்து 46 பிள்ளைகளை உள்ளே விட்டால் மென்பொருள் ஒன்று என்று பதிந்தது. ரசீதில் 46 பேருக்கான பணம் சரியாக ஏறியதால் கணக்குப் பிரிவுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. வாசலில் நிற்பவருக்கு இது தெரியும். கேட்டபோது, “பஸ்ஸுக்கு ஒரு டிக்கெட்டுதானே சார், அதான் ஒண்ணு காட்டுது” என்றார். ஓராண்டாக அவரிடம் யாரும் கேட்கவில்லை. 2024இல் இப்படி விடுபட்டது 6 புள்ளி.

இரண்டையும் சரிபார்க்க ஜி.எஸ்.டி. கணக்குக்காக வைத்திருந்த ரசீதுகள் பயன்பட்டன. இந்த வழியில் போகிறவர்கள் இரண்டு இடங்களில் கவனமாக இருக்கவேண்டும். டிக்கெட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு (2017 ஜூலையில் 28 சதவீதமாக வந்தது, 2018 ஜனவரியில் 18 ஆனது). வரியோடு சேர்ந்த தொகையை வரியில்லாத விலையால் வகுத்தால் தலைக்கணக்கு 18 சதவீதம் கூடிவிடும். அடுத்து, 90 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கீழான குழந்தைகளுக்கும் குழுவோடு வரும் ஆசிரியர்களுக்கும் டிக்கெட் இல்லை. அவர்கள் ரசீதில் வரமாட்டார்கள். அவர்களைக் கைப்பட்டை இருப்பிலிருந்து எடுத்தோம்: காலை இருப்பு, கழித்தல் மாலை இருப்பு, கழித்தல் கிழிந்து வீணானவை. லாக்கர் வாடகைச் சீட்டுகளை மூன்றாவது சாட்சியாக வைத்தோம். மூன்றும் மாதவாரியாக 2 சதவீதத்துக்குள் ஒத்துவந்தன.

திருத்திய எண்கள்: 2022இல் 91, 2023இல் 88, 2024இல் 80. இரண்டாண்டுச் சரிவு 26 சதவீதமல்ல, 12 சதவீதம். அதுவும் சிறியதல்ல. ஆனால் 26க்கு எடுக்கும் முடிவும் 12க்கு எடுக்கும் முடிவும் வேறு. இன்னொன்றையும் சொல்லவேண்டும்: 2022ஐ அடிப்படை ஆண்டாக வைப்பதே சிக்கல். அந்த ஜனவரியில் கொரோனா கட்டுப்பாடுகளால் பொங்கல் கூட்டமே இல்லை. ஏப்ரலுக்குப் பிறகு, இரண்டு ஆண்டுகள் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் மொத்தமாக வந்தார்கள். அது வழக்கமான ஆண்டல்ல.

யார் குறைந்தார்கள்

மொத்தத்தைப் பிரித்தபோது படம் தெளிந்தது. குடும்பங்கள் 52லிருந்து 50. நண்பர் குழுக்கள் 15லிருந்து 14. நிறுவனங்களும் சுயஉதவிக் குழுக்களும் 4, மாற்றமில்லை. பள்ளி, கல்லூரிக் குழுக்கள் 20லிருந்து 12. குறைந்த 11 புள்ளியில் 8 பள்ளிப் பேருந்துகளிலிருந்து போனது. குடும்பங்களில் குறைந்த 2 புள்ளிக்கு மழையாலும் தேர்தலாலும் இழந்த நாட்களே போதுமான காரணம்.

2022இல் வந்து 2024இல் வராத 23 பள்ளிகளுக்கு நேரில் போய்க் கேட்டோம். விலை அதிகம் என்றவை மூன்று. மற்றவற்றில் திரும்பத் திரும்ப வந்தது மேற்பார்வைதான். உள்ளே விட்டதும் பிள்ளைகள் நாலாப் பக்கமும் ஓடிவிடுகிறார்கள், ஆசிரியர்கள் நிற்க நிழல் இல்லை, உட்கார்ந்தால் குளம் தெரிவதில்லை. “அம்பது தலையை எண்ணிக்கிட்டே அன்னிக்குப் பொழுது போயிடுது சார்” என்று ஓர் ஆசிரியை சொன்னதில் முழுப் பிரச்சினையும் அடங்கியிருந்தது. பெண் பிள்ளைகளுக்கான உடை, பெற்றோருக்குத் தண்ணீர் பற்றிய பயம், கட்டணம் வசூலிக்கும் மாதத்தில் வீடுகளில் பணம் இல்லாமை ஆகியவை அடுத்து வந்தன. விலையைக் குறைத்தால் இவற்றில் எதுவும் தீராது.

காணும் பொங்கலன்று அளந்தது

2025 ஜனவரி 16, காணும் பொங்கல். ஆண்டின் மிகப் பெரிய கூட்டங்களில் ஒன்று. அன்று எண்ணிக்கையைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. வருகை குறைவதற்கான விதை விழுவது அதே நாளில்தான் என்பது எங்கள் கணிப்பு. பகல் ஒரு மணிக்கு உள்ளே சுமார் 1,400 பேர்.

நீர்ச்சறுக்குக் கோபுரத்தில் நான்கு வழிகள். தயாரிப்பாளரின் குறிப்பேட்டின்படி ஒரு வழியில் 30 நொடிக்கு ஒருவரை விடலாம், அதாவது மணிக்கு 120 பேர். கடிகாரம் வைத்துப் பார்த்ததில் உண்மையான இடைவெளி 52 நொடி, மணிக்கு 69 பேர். நான்கு வழிக்கும் 480 பேர் போகவேண்டிய இடத்தில் 277 பேர்.

ஏன் 52? மூன்று இடங்களில் நொடிகள் கசிந்தன. டியூபைச் சறுக்கியவரே 62 படி தூக்கிக்கொண்டு ஏறவேண்டும். சிறு பிள்ளைகள் பாதியில் நின்றுவிட, படிக்கட்டு அடைத்துக்கொள்ளும், மேலே வழி காலியாக இருக்கும். கீழே விழுகுளத்தில் ஒரே லைஃப்கார்டு. முன்னவர் எழுந்து வெளியேறிய பிறகுதான் மேலே சைகை காட்டுவார், காட்டவும் வேண்டும், அது பாதுகாப்பு. மூன்றாவது, உடை. துப்பட்டா, ஜீன்ஸ், உலோக பட்டன் வைத்த உடைகளுக்குச் சறுக்கில் அனுமதி இல்லை: துணி சிக்கும், பட்டன் ஃபைபர் பரப்பைக் கீறும், கீறல் அடுத்தவர் முதுகைக் கிழிக்கும். இந்த விதியை அமல்படுத்திய இடம் கோபுர உச்சி. ஒரு மணி நேரம் வரிசையில் நின்றவரை உச்சியில் திருப்பி அனுப்பினால் வாக்குவாதம் வராமல் இருக்காது. ஒவ்வொரு வாக்குவாதத்துக்கும் இரண்டு மூன்று நிமிடம் போனது.

முக்கிய ரைடுகள் அனைத்தும் சேர்ந்து மணிக்கு 1,650 பேரை ஏற்றவேண்டும், அன்று ஏற்றியது 940. ஆளுக்கு மணிக்கு முக்கால் ரைடுகூட இல்லை. ஒருவருக்கு மணிக்கு ஒன்றரை முதல் இரண்டு என்பது இந்தத் துறையில் பொதுவாக வைத்துக்கொள்ளும் அளவு.

வரிசையைப் பார்த்து அலுத்தவர்கள் வேவ் பூலுக்குப் போனார்கள். அங்கே 9 லட்சம் லிட்டர் தண்ணீர். மணிக்கு 2.25 லட்சம் லிட்டர் வடிகட்டி வழியாகப் போனால் 4 மணி நேரத்தில் முழுக் குளமும் ஒரு சுற்று சுற்றும். மணல் வடிகட்டி அடைத்துக்கொண்டிருந்ததால் அன்று ஓடியது 1.5 லட்சம், சுற்று 6 மணி நேரமானது. காலை 10 மணிக்கு 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) இருந்த எஞ்சிய குளோரின் பிற்பகல் 3 மணிக்கு 0.4 பிபிஎம். பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) 8.0. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் காரத்தன்மை கூடியது. பிஎச் 7.5இல் குளோரினில் ஏறத்தாழ பாதி கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும், 8.0இல் கால் பங்குதான். ஊழியர் மேலும் மேலும் குளோரின் ஊற்றினார், கண் எரிச்சல்தான் கூடியது. தண்ணீர் கலங்கியதும் தாய்மார்கள் பிள்ளைகளைக் கரையேற்றினார்கள். வெளியேறும் வாசலில் எண்ணியதில் வந்தவர்களில் பாதிப் பேர் 3 மணிக்குள் கிளம்பிவிட்டார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

விலைக் குறைப்பைக் கைவிட்டது முதல் முடிவு. 30 சதவீதம் குறைத்தால் அதே டிக்கெட் வருமானத்துக்கு 43 சதவீதம் கூடுதல் ஆள் வேண்டும். 80, 114 ஆகவேண்டும். உச்ச ஆண்டான 2022இலேயே 91தான். வரும் கூடுதல் ஆளும் அதே மே ஞாயிற்றுக்கிழமைகளில் அதே படிக்கட்டில்தான் நிற்பார்கள்.

புதிய சறுக்கையும் தள்ளிவைத்தார்கள். அண்ணனுக்கு இதில் மனமில்லை. அவரை ஒப்புக்கொள்ள வைத்தது ஒரே கணக்கு: ஒரு வழிச் சறுக்கு புதிதாகப் போட்டால் மணிக்கு 120 பேர் கூடுவார்கள். இருக்கும் நான்கு வழிகளில் இடைவெளியை 52லிருந்து 36 நொடியாக்கினால் மணிக்கு 123 பேர் கூடுவார்கள். 30க்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் போகக்கூடாது என்பதையும் எழுதிவைத்தோம்.

2025 மார்ச்சுக்குள் இவை நடந்தன. டியூபுகளை மேலேற்ற மோட்டார் வைத்த கயிற்று ஏற்றம். விழுகுளத்தில் இரண்டாவது லைஃப்கார்டு, மேலே பச்சை, சிவப்பு விளக்கு. உடைச் சோதனை உடை மாற்றும் அறை வாசலுக்கு இறங்கியது. அங்கேயே நைலான் முழுக்கால் உடை வாடகைக்கு. வடிகட்டி மணல் முழுவதையும் மாற்றி, கூடுதலாக ஒரு வடிகட்டி. அழுத்தமானி சுத்தமான நிலையைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) ஏறினால் பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவுவது), அதுவும் திறக்கும் முன்போ மூடிய பின்போ மட்டும். பிஎச்சை 7.2க்கும் 7.6க்கும் இடையில் வைக்க அமிலம் செலுத்தும் தனி பம்ப். அமிலமும் ஹைப்போகுளோரைட்டும் (குளத்தில் ஊற்றும் குளோரின் திரவம்) ஒரே அறையில் இருந்தன. உடனே பிரித்தோம், இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளிவரும். ஹைப்போ கேன்கள் வெயிலில் கிடந்ததால் வீரியம் இழந்திருந்தன. அவற்றை நிழலுக்கு மாற்றி, இரண்டு வாரத்துக்கு மேல் இருப்பு வைப்பதில்லை என்று ஆனது. கூட்ட நாட்களில் மணிக்கொருமுறை சோதனை, முடிவு கரும்பலகையில், வருகிறவர்கள் பார்க்கும்படி.

பள்ளிகளுக்கு: 20 பிள்ளைகளுக்கு ஒரு பூங்கா ஊழியர், வகுப்புக்கு ஒரு நிறக் கைப்பட்டை, காலை 10 முதல் 12 வரை சிறுவர் குளமும் இரண்டு சறுக்குகளும் அவர்களுக்கு மட்டும். குளம் முழுவதும் தெரியும் இடத்தில் மின்விசிறியும் குடிநீரும் உள்ள கொட்டகை ஆசிரியர்களுக்கு. வடிகட்டி அறையில் அரை மணி நேரம் பிஎச், குளோரின் சோதனையைப் பிள்ளைகளே செய்து பார்க்கும் பாடம். கட்டணம் இரண்டு தவணை; முன்பணம் இல்லாமலே தேதி பிடிக்கலாம். எண்ணுவதற்கு, பெரியவர் சிறியவர் யாராக இருந்தாலும் ஆளுக்கு ஒரு எண்ணிட்ட பட்டை. இரவு இருப்பு பார்க்காமல் கவுன்ட்டர் மூடக்கூடாது.

மொத்தச் செலவு, புதிய சறுக்குக்கு விலைப்புள்ளி வந்த தொகையில் ஏழில் ஒரு பங்கு.

இவற்றோடு இன்னும் இரண்டு முடிவுகள் சேர்ந்தன. உச்ச நாட்களில் ஒரே நேரத்தில் உள்ளே 1,200 பேருக்கு மேல் விடுவதில்லை. ஜூலை முதல் செவ்வாய், புதன் விடுமுறை. கூட்டமில்லாத நாளில் பம்புகள் ஓடும் மின்செலவை மிச்சப்படுத்த. இரண்டிலும் தவறு நேர்ந்தது.

தொடர்ந்து நடந்தவை

மே முதல் ஞாயிறு, பகல் 11.30க்கு 1,200 நிறைந்தது. ஆன்லைனில் வாங்கியவர்களே பெரும்பங்கை நிரப்பிவிட்டார்கள். கடைமடைக் கிராமங்களிலிருந்து இரண்டு பஸ் மாறி, பிள்ளைகளோடு வந்தவர்களிடம் டிக்கெட் இல்லை என்று சொல்லவேண்டியதாயிற்று. வெயிலில் வாசலில் நின்று அழுத பிள்ளைகளைப் பார்த்த ஊழியர்கள் மாலையில் மேலாளரிடம் போய், இந்த வேலையைத் தங்களால் செய்ய முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம். உச்சவரம்பு சரியான முடிவு, ஆனால் முன்பதிவு செய்து பழகாத மக்களை மனதில் வைக்காமல் செய்தது பிழை. அடுத்த ஞாயிற்றுக்குள் இடங்களில் 40 சதவீதம் வாசல் விற்பனைக்கு ஒதுக்கப்பட்டது. பகல் 2.30க்கு மேல் குறைந்த கட்டணத்தில் மாலை டிக்கெட் வந்தது. காலையில் வந்தவர்கள் கிளம்பக் கிளம்ப அந்த இடத்துக்கு இவர்கள். நிறையப்போகிறது என்றால் 10.30க்கே வேன் ஓட்டுநர்களுக்குக் குறுஞ்செய்தி போனது.

கோபுரத்தில் இடைவெளி மே நடுவில் 36 நொடிக்கு வந்தது. வேவ் பூலில் பிற்பகல் 3 மணிக்கும் குளோரின் 1 பிபிஎம்முக்குக் கீழே போகவில்லை. மே மூன்றாவது ஞாயிறு பாதிப் பேர் 4.30க்குப் பிறகும் உள்ளே இருந்தார்கள். உணவக விற்பனையும் அதோடு ஏறியது.

செவ்வாய், புதன் விடுமுறையின் சேதம் மெதுவாகத் தெரிந்தது. பதிவேட்டில் அந்த நாட்களில் உள்ளூர்க் கூட்டம் குறைவு என்பது உண்மை. ஆனால் நவக்கிரகக் கோயில்களுக்கு வெளியூரிலிருந்து வேன் பிடித்து வருகிறவர்கள் பலர் செவ்வாயன்று வைத்தீஸ்வரன்கோயில், புதனன்று திருவெண்காடு என்று கிழமை பார்த்துத்தான் வருவார்கள். பெரியவர்களுக்குக் கோயில், திரும்பும் வழியில் பிள்ளைகளுக்குப் பூங்கா. பூட்டிய வாசலைப் பார்த்துத் திரும்பிய ஓட்டுநர்கள், அந்தப் பார்க்கை மூடிட்டாங்க என்று ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை வரவேண்டிய வேன்களும் நின்றன. ஆகஸ்ட் இறுதியில் விடுமுறையை ரத்து செய்து, அதற்குப் பதில் அந்த இரு நாட்களில் கோபுரத்தின் இரண்டு வழிகளை மட்டும் ஓட்டினார்கள். மின்செலவில் மிச்சமாக வேண்டியதில் பெரும்பகுதி அதிலேயே மிச்சமானது. வேன்கள் பழைய அளவுக்கு வர நவம்பர் ஆனது.

விளைவு

2025 மொத்தம் 82, முந்தைய ஆண்டு 80. பள்ளிக் குழுக்கள் 12லிருந்து 16. குடும்பங்கள் 50லிருந்து 49, நண்பர் குழுக்கள் 14லிருந்து 13. உச்சவரம்பும் ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையும் இந்த இரண்டையும் தொட்டிருக்கின்றன. தலைக்கு நிகர வருமானம் 9 சதவீதம் கூடியது. கடன் வாங்கவில்லை. 23 பள்ளிகளில் 14 திரும்ப வந்தன, அவற்றில் பெரும்பாலானவை செப்டம்பரிலும் அக்டோபரிலும்.

அந்தக் கடைசி விவரத்தில் எச்சரிக்கை தேவை. 2025இல் மேட்டூர் அணை ஜூன் 12இலேயே திறந்தது. குறுவைப் பணம் வந்த பருவத்தில் பள்ளிகள் கட்டணம் வசூலித்தன. நிறப் பட்டைக்கும் கொட்டகைக்கும் எவ்வளவு பங்கு, ஆற்றுத் தண்ணீருக்கு எவ்வளவு பங்கு என்று ஓராண்டை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. அணை தாமதமாகத் திறக்கும் ஓர் ஆண்டில் பள்ளிக் குழுக்கள் 16க்கு அருகே நின்றால்தான் மாற்றங்கள் வேலை செய்தன என்று உறுதியாகச் சொல்லலாம்.

இனி மாற்றவேண்டியவை

எண்ணும் முறையை மாற்றும்போது பழையதும் புதியதும் குறைந்தது ஒரு முழு மாதம், முடிந்தால் ஏப்ரல் அல்லது மே, சேர்ந்து ஓடவேண்டும். 2024 ஜனவரியில் கிளிக்கரை இன்னும் நான்கு வாரம் வைத்திருந்தால் பாதிக் குழப்பம் வந்திருக்காது.

விடுமுறை நாளைப் பூங்காவின் பதிவேட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. வாசலில் வண்டி எண் எழுதும் காவலாளியின் நோட்டில் வெளியூர் வேன்கள் கிழமைவாரியாக இருந்தன. அதைத் தவறவிட்டது ஆய்வுக் குழு.

வெளிச்சாப்பாட்டுத் தடையை மறுபரிசீலனை செய்யச் சொல்லியிருக்கிறோம். வாசலுக்குள்ளேயே குளங்களிலிருந்து தள்ளி ஒரு சாப்பாட்டுக் கொட்டகை, கை கழுவும் குழாய், குப்பைத் தொட்டி இருந்தால் பகலில் வெளியே போய் வரும் நெரிசல் குறையும், வயதானவர்கள் வெயிலில் தார்ச்சாலையோரம் உட்கார வேண்டியிருக்காது. உணவக வருமானம் குறையும் என்று அண்ணன் தயங்குகிறார். 2026 ஏப்ரல் மாதம் மட்டும் திறந்து பார்த்து, உணவக விற்பனையையும் வெளியேறும் நேரத்தையும் அளப்பது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டுள்ளன.